தங்கக் குவார்ட்ஸ் நாளம் பற்றிய அறிக்கை கைக்கு வந்தால் எப்படிப் படிப்பது

வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்கள் தங்கம் தேடுகிற சின்னச் சின்னக் கம்பனிகளின் பங்குகளை வாங்கத் தொடங்கியதிலிருந்து, யாழ்ப்பாணத்தில் இருக்கிற என் போனுக்கும் அந்த அறிக்கைகள் வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன. ரொறன்ரோவில் இருந்து மச்சான் ஒன்று அனுப்புவான், மெல்பேர்ணில் இருந்து பெறாமகன் ஒன்று அனுப்புவான். முதல் பக்கத்தில் பளபளக்கிற வெள்ளைக்கல் படம், அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் ஒரு எண், "தொன்னுக்கு 87 கிராம்" என்ற மாதிரி. காசு போடலாமா என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

பங்கு ஏறுமா இறங்குமா என்பது வேறு கதை, அதை விடுங்கள். பாறை என்ன சொல்கிறது என்பதை நீங்களே படித்துப் பார்க்கலாம், அதற்குப் புவிச்சரிதவியல் பட்டம் தேவையில்லை. நான் சொல்வது ஒன்றுதான்: அந்தக் கொட்டை எழுத்து எண்ணைக் கடைசியாகப் பாருங்கள், முதலில் "முன்னைய ஆய்வு வரலாறு" என்று உள்ளே ஒளிந்திருக்கிற பகுதிக்குப் போங்கள். நாளம் என்பது பாறைப் பிளவுக்குள் குவார்ட்ஸ் என்ற வெள்ளைக்கல் நிரம்பிக் கோடாக ஓடுவது. நிலத்துக்கு மேலே தெரிகிற ஒரு நாளத்தை உங்களுக்கு முன்னால் யாரும் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள். பார்த்தவன் ஏன் விட்டுவிட்டுப் போனான் என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

அதற்கு முன் ஊர்க்கதை ஒன்றை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இதையும் அடிக்கடி கேட்கிறார்கள். கிணறு வெட்டும்போது மின்னுகிற கல் வந்தது, தங்கமா? இல்லை. குடாநாடு முழுக்க மயோசின் காலச் சுண்ணாம்புக்கல். கடலடியில் படிந்தது. நிலாவரையும் கீரிமலையும் காங்கேசன்துறைச் சீமெந்துக்கு வெட்டிய கல்லும் எல்லாம் அதே கதைதான், இதற்குள் தங்க நாளம் வர வழியில்லை. வெள்ளையாகப் பளிங்காக ஏதாவது வந்தால் அது கல்சைற். ஒரு சொட்டுத் தேசிக்காய்ப் புளி விடுங்கள், நுரைக்கும். கத்தியால் கீறினால் கோடு விழும். குவார்ட்ஸ் அப்படி இல்லை, புளிக்கும் அசையாது கத்திக்கும் அசையாது, அதுதான் போத்தலைக் கீறும். மஞ்சளாக மின்னுகிறதென்றால் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். தங்கம் நசுங்கித் தகடாகும், பைரைற் (இரும்பும் கந்தகமும் சேர்ந்து தங்கம்போல மின்னுகிற கல்) பொடியாகும். கன்னாதிட்டியில் நகை செய்கிற பத்தரிடம் உரைகல் இருக்கும், அதில் உரசினால் பைரைற் கருமையாகக் கோடு விடும், தங்கம் மஞ்சளாகவே விடும். இவ்வளவுதான், இதற்கு மேல் அந்தக் கல்லில் ஒன்றும் இல்லை.

நாட்டின் மற்றப் பகுதி? மத்திய மலைநாட்டில் பழைய, கடுமையாக உருமாறிய பாறைகள் இருக்கின்றன, மாணிக்கமும் பென்சில்கரியும் அதனால்தான் வருகின்றன. திருகோணமலைப் பக்கம் சேருவிலையில் செம்பும் இரும்பும் சேர்ந்த படிவு ஒன்று 1970களின் தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் உலகத்தின் பெரிய தங்க நாளங்கள் பெரும்பாலும் இதைவிடக் குறைந்த வெப்பத்தில் உருமாறிய பச்சைநிற எரிமலைப்பாறைப் பட்டைகளிலும் பழைய கடற்சேற்றுப் பாறைகளிலும்தான் கிடக்கின்றன. கர்நாடகத்தின் கோலார், கனடாவின் ரிம்மின்ஸ், வல்டோர், அவுஸ்திரேலியாவின் பெண்டிகோ எல்லாம் அந்த வகை. அதனால் அறிக்கையில் "எந்தப் பாறைக்குள் நாளம் இருக்கிறது" என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

நாளம் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் படத்தைப் பார்த்தே கொஞ்சம் சொல்லலாம். பூமிக்குக் கீழே பல கிலோமீற்றர் ஆழத்தில், 250 முதல் 400 பாகை செல்சியஸ் வெப்பத்தில், கரிமில வாயு கலந்த சுடுதண்ணீர் பெரிய பிளவுகளின் வழியே மேலே வரப் பார்க்கிறது. அதில் தங்கம் கந்தகத்தோடு சேர்ந்து கரைந்திருக்கிறது. மேலே பிளவு மூடியிருப்பதால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் நிலம் அதிர்ந்து பிளவு திறக்கும், அழுத்தம் சட்டென்று விழும், கரைந்திருந்த சிலிக்கா வெள்ளைக்கல்லாகப் படிந்து வழியை மறுபடி அடைத்துவிடும். பிறகு திரும்பவும் அழுத்தம், திரும்பவும் உடைப்பு. கியூபெக்கின் சிக்மா சுரங்கத்து நாளங்களை வைத்து சிப்சன், றொபேர், போல்சன் என்ற மூவர் 1988இல் எழுதியது இதைத்தான். தங்கம் இரண்டு விதமாக இறங்கும்: அழுத்தம் விழும்போது நேரே குவார்ட்ஸுக்குள், அல்லது சுடுதண்ணீரில் இருந்த கந்தகம் பக்கத்துப் பாறையின் இரும்போடு சேர்ந்து பைரைற் ஆகும்போது, பிடிமானம் போய் அந்தப் பைரைற்றோடு சேர்ந்து.

இதிலிருந்து படத்தில் பார்க்க வேண்டியது மூன்று. ஒன்று, நாளத்துக்குள் நாடா நாடாவாகக் கறுப்புக் கோடுகள் ஓடுகின்றனவா. அது பலமுறை திறந்து மூடியதற்கான அடையாளம், ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தங்கம் வர வாய்ப்பு. பால் வெள்ளையாக, கோடு ஒன்றும் இல்லாமல், மழுமழுவென்று அகலமாகக் கிடக்கிற குவார்ட்ஸ் பார்க்க அழகாக இருக்கும், பெரும்பாலும் வெறுங்கல். இரண்டாவது, நாளத்துக்கு இரண்டு பக்கமும் இருக்கிற பாறை நிறம் மாறியிருக்கிறதா. துருப்பிடித்த பழுப்பு இரும்புக் காபனேற்று இருந்த இடத்தைக் காட்டும், வெளிறிய பட்டுப்போன்ற மினுக்கம் நுண்ணிய மைக்கா. பக்கத்துப் பாறை நிறம் மாறாமல் ஒன்றும் ஆகாமல் இருந்தால் அங்கே சுடுதண்ணீர் அதிகம் ஓடவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது, நாளம் எங்கே வளைகிறது, எங்கே கிளைகள் சந்திக்கின்றன. தங்கம் நாளம் முழுக்கச் சமமாகப் பரவி இருக்காது, வளைவிலும் சந்தியிலும் சாய்வாகக் கீழே இறங்குகிற தூண்களாகத்தான் சேரும். ஒரு நாளம் இரண்டு கிலோமீற்றர் நீளம் என்று எழுதியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், அதில் தங்கம் இருக்கிற தூண் ஐம்பது மீற்றராக இருக்கலாம்.

சரி, இப்போது எண்கள். தொன்னுக்கு 1 கிராம் என்றால் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. கனடாப் பழைய அறிக்கைகளில் தொன்னுக்கு இத்தனை அவுன்ஸ் என்று இருக்கும்: ஒரு அவுன்ஸ் 31.1 கிராம், ஆனால் அவர்களுடைய பழைய தொன் 2,000 இறாத்தல், ஆகவே அதில் ஒரு அவுன்ஸ் என்பது இப்போதைய கணக்கில் 34.3 கிராம். இதை நம்முடைய பாஷைக்கு மாற்றிப் பார்ப்போம். ஒரு பவுண் 8 கிராம், 22 கரட், ஆகவே அதில் சுத்தத் தங்கம் 7.33 கிராம். பதினொரு பவுண் தாலிக்கொடி என்றால் 80 கிராமுக்குக் கொஞ்சம் மேல். தொன்னுக்கு 5 கிராம் உள்ள பாறையில், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு பிரித்தெடுக்க முடிகிறதென்று வைத்தால், அந்தத் தாலிக்கொடிக்குச் சுமார் 18 தொன் கல்லை உடைத்து மாவாக்க வேண்டும். ஊரில் கல்லும் மணலும் ஏற்றுகிற இரண்டு கியூப் டிப்பரில் இரண்டு லோட் வரும். நிலத்துக்கு அடியில் இருந்து எடுக்கிற சுரங்கத்துக்கு 5 கிராம் மோசமில்லை, திறந்த குழி என்றால் 1 கிராமே போதும் என்கிற இடங்களும் உண்டு. அப்போ 87 கிராம் என்பது? அது எப்படி எடுத்த மாதிரிக்கல் என்று தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது.

பெரும்பாலும் அது கையால் பொறுக்கிய கல். ஆய்வாளர் நடந்து போகிறார், நல்லதாகத் தெரிகிற துண்டை எடுக்கிறார், ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறார். தவறில்லை, அங்கே தங்கம் இருக்கிறது என்று காட்ட அது போதும். எவ்வளவு இருக்கிறது என்று காட்டப் போதாது. நாளத்தின் குறுக்கே ஒரே அகலத்தில் ஒரே ஆழத்தில் கால்வாய்போல வெட்டி எடுக்கிற மாதிரிக்கல் அதைவிட நம்பிக்கையானது, அகலம் கூடவே எழுதியிருக்கும். அதற்கும் மேலே துளையிட்டு எடுக்கிற உருளைக்கல், கோர் என்பது அதைத்தான்.

கோர் முடிவுகளைப் படிக்கும்போது நான் எப்போதும் பேனையும் கடதாசியும் எடுத்துவிடுவேன். ஒரு உதாரணம் போடுகிறேன், இது நானே போட்ட எண், எந்தக் கம்பனியுடையதும் இல்லை. "20 மீற்றர் நீளத்துக்குத் தொன்னுக்கு 3 கிராம், அதற்குள் 1 மீற்றருக்குத் தொன்னுக்கு 55 கிராம்." வாசிக்க நன்றாக இருக்கிறது. 20ஐ 3ஆல் பெருக்கினால் 60. அந்த ஒரு மீற்றர் மட்டுமே 55. மிச்சம் 5ஐ 19 மீற்றருக்குப் பிரித்தால் தொன்னுக்குக் கால் கிராமுக்குக் கொஞ்சம் மேல். அதாவது உண்மையில் இருக்கிறது ஒரு மீற்றர் நாளமும் 19 மீற்றர் வெறும் பாறையும், சராசரி போட்டு அதை இருபது மீற்றர் தங்கமாக்கி எழுதியிருக்கிறார்கள். பொய் ஒன்றும் இல்லை, எல்லாம் எழுதித்தான் இருக்கிறது, பெருக்கிப் பார்க்கிற ஆளுக்குத்தான் தெரியும். இன்னொன்றையும் பாருங்கள்: துளை நாளத்தைச் சரிவாக வெட்டியிருந்தால் அகலம் கூடித் தெரியும். நாளத்துக்கும் துளைக்கும் இடையே 30 பாகை என்றால் உண்மையான அகலம் அறிக்கையில் உள்ளதில் பாதிதான். "உண்மை அகலம் இன்னும் தெரியவில்லை" என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும், அந்த வரியைத் தவற விடாதீர்கள்.

குவார்ட்ஸ் நாளத்தில் இன்னொரு தலையிடி, தங்கம் பருமனான மணிகளாக அங்கொன்று இங்கொன்றாகக் கிடப்பது. ஒரே கோரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து இரண்டு பாதியையும் தனித்தனியே சோதித்தால் ஒன்றில் 2 கிராமும் மற்றதில் 40 கிராமும் வருவது அதிசயமில்லை. வழக்கமான சோதனையில் மாவாக்கிய கல்லில் 30 அல்லது 50 கிராம் எடுத்து ஈயத்தோடு உருக்குவார்கள், தங்கம் ஈயத்துக்குள் போகும், பிறகு ஈயத்தை எரித்துப் போக்கினால் மணி மிஞ்சும், நம்முடைய பத்தர்களுக்கு இது புது விஷயம் அல்ல. அந்த 30 கிராமுக்குள் ஒரு பருமணி விழுந்தால் எண் எகிறும், விழாவிட்டால் ஒன்றும் இல்லை. அதனால் ஒரு கிலோ அளவில் எடுத்துச் சல்லடையில் சலித்து, பருமணியைத் தனியே எடைபோட்டுச் சோதிக்கிற முறை ஒன்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற தங்கம் என்று படம் போட்ட கம்பனி இந்தச் சல்லடைச் சோதனை செய்ததா என்று பாருங்கள். பெண்டிகோவில் 2000களில் நகருக்குக் கீழே பழைய நாளங்களைத் தேடிப் பெருஞ்செலவில் இறங்கினார்கள், துளைகளை வைத்து எதிர்பார்த்த தரம் வெட்டிப் பார்த்தபோது வரவில்லை. இந்தப் பருமணிப் பிரச்சினைதான் அங்கே காலை வாரியது.

இப்போது வரலாற்றுப் பகுதி, நான் முதலில் படிக்கச் சொன்னது. இதில் ஆண்டுவாரியாக இருக்கும்: இந்த ஆண்டு கண்டுபிடித்தார்கள், இந்த ஆண்டு குழி இறக்கினார்கள், பிறகு முப்பது ஆண்டு வெறுமை, பிறகு இன்னொரு கம்பனி பத்துத் துளை போட்டது, விட்டது. ஒவ்வொரு இடைவெளிக்கும் பக்கத்தில் "ஏன்?" என்று பென்சிலால் எழுதுங்கள். நல்ல காரணங்களும் இருக்கின்றன. 1934 முதல் 1971 வரை அமெரிக்க அரசு தங்கத்தின் விலையை அவுன்ஸுக்கு 35 டொலரில் நிறுத்தி வைத்திருந்தது, கூலியும் சாமானும் ஏறின, தங்கம் ஏறவில்லை, நல்ல சுரங்கங்களும் மூடின. 1887இல் தங்கத்தைச் சயனைட்டில் கரைத்தெடுக்கிற முறை வருவதற்கு முன் கல்லை இடித்துப் பாதரசத்தில் பிடித்தவர்கள் பைரைற்றுக்குள் இருந்த தங்கத்தை எடுக்க முடியாமல் விட்டார்கள். தண்ணீர் பொங்கியது, காசு முடிந்தது, சண்டை வந்தது, இதெல்லாம் பாறையின் குற்றமில்லை. ஆனால் மூன்று நல்ல கம்பனிகள் அடுத்தடுத்து வந்து ஆழத்துக்குத் துளை போட்டு, விலை நன்றாக இருந்த காலத்திலேயே திரும்பிப் போயிருந்தால், நாலாவது ஆள் என்ன புதிதாகக் கண்டான் என்று கேட்க வேண்டும். அறிக்கையில் அதற்குப் பதில் இருக்க வேண்டும். "நவீன முறைகள்" என்ற சொல் பதில் இல்லை.

தமிழ் நிலத்திலேயே இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. நீலகிரியில் கூடலூர், தேவாலா, பந்தலூர்ப் பக்கம் குவார்ட்ஸ் நாளங்கள் உண்டு, அங்குள்ளவர்கள் மண் அரித்துத் தங்கம் எடுத்து வந்தார்கள். 1879இல் அவுஸ்திரேலியாவின் விக்ரோறியாவில் இருந்து பிரோ ஸ்மித் என்பவரை அரசு வரவழைத்து அறிக்கை எழுதச் சொன்னது, அதைத் தொடர்ந்து லண்டனில் கம்பனிமேல் கம்பனியாகப் பங்கு விற்றார்கள். அதே காலத்தில்தான் கோப்பித் தோட்டங்கள் நோயில் அழிந்துகொண்டிருந்தன, இலங்கையிலும் அப்படித்தான். விலைபோகாத தோட்டங்கள் தங்க நிலமாகி நல்ல விலைக்குப் போயின, திரட்டிய காசில் பெரும்பங்கு நிலம் வாங்கவே போயிற்று, கல்லை இடித்துப் பார்த்தால் தரம் காணாது. இரண்டு மூன்று ஆண்டில் எல்லாம் சரிந்தது. இன்றைக்கும் அறிக்கையில் திரட்டிய காசு எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்: துளைக்கா, நிலத்தை விற்றவனுக்கா, விளம்பரத்துக்கா?

அதே ஆண்டுகள், அதே லண்டன் காசு, கோலாரில் வேறு கதை. அங்கேயும் பழங்காலத்துக் குழிகள் இருந்தன, 1880இல் ஆரம்பித்த மைசூர்க் கம்பனியும் காசு கரைந்து மூடுகிற நிலைக்கு வந்தது. பழைய குழிகளுக்குக் கீழே இறங்கிப் போனபோது சாம்பியன் நாளம் அகப்பட்டது. பிறகு அது மூன்று கிலோமீற்றருக்கும் மேல் ஆழம் வரை போயிற்று, மொத்தம் சுமார் 800 தொன் தங்கம், ஆர்க்காட்டுப் பக்கத்துத் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக அதற்குள் இறங்கினார்கள், 2001 பெப்ரவரியில் மூடினார்கள். இரண்டு இடத்திலும் பழைய குழி இருந்தது, இரண்டிலும் மேலே தங்கம் இருந்தது. வித்தியாசம் ஆழத்தில். ஆகவே பழைய குழி இருக்கிறதென்று அறிக்கை பெருமைப்பட்டால் அதை ஒரு நல்ல குறிப்பாக எடுத்துக்கொண்டு, அந்தக் குழிக்குக் கீழே யாராவது துளை போட்டார்களா, எத்தனை மீற்றர், என்ன வந்தது என்று தேடுங்கள்.

மெல்பேர்ண்காரருக்கு எல்லா அறிக்கையிலும் விக்ரோறியாவின் ஃபொஸ்ரவில் சுரங்கத்தின் பெயர் வரும். 1894இல் தங்கம் கண்ட இடம், மேல்மட்டத்துத் துருப்பாறையை 1990களில் அள்ளினார்கள், 2005இலிருந்து கீழே பைரைற் தங்கத்தை எடுத்தார்கள், பிறகு சுமார் ஒரு கிலோமீற்றர் ஆழத்தில் கண்ணுக்குத் தெரிகிற தங்கத்தோடு குவார்ட்ஸ் வந்தது, 2018 முடிவில் ஸ்வான் என்று பெயரிட்ட அந்தப் பகுதியின் தரம் தொன்னுக்குக் கிட்டத்தட்ட 50 கிராம். உண்மைதான், நூறு வருசம் எல்லோரும் மேலே நடந்து திரிந்த இடம். ஆனால் "நாங்கள் ஃபொஸ்ரவில்லில் இருந்து இத்தனை கிலோமீற்றர்" என்று எழுதுகிறவனுக்கு அந்தத் தூரத்தைத் தவிர வேறு ஒன்றும் பொதுவில் இல்லாமல் இருக்கலாம். அதே பிளவா, அதே பாறையா, அதே வளைவா என்று வரைபடத்தில் விரல் வைத்துப் பாருங்கள்.

மோசடி பற்றியும் ஒரு சொல். கல்கரியின் பிறெக்ஸ் கம்பனி போர்னியோவின் புசாங்கில் பெருந்தங்கம் கண்டதாகச் சொல்லி, சந்தையில் சுமார் 600 கோடி கனடிய டொலர் பெறுமதிக்கு ஏறியது. 1997இல் வேறு ஆட்கள் அதே இடத்தில் துளை போட்டுப் பார்த்தால் ஒன்றும் இல்லை, மாதிரிக்குள் வெளித்தங்கம் தூவியிருக்கிறார்கள். அங்கே கவனித்திருந்தால் ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்கும்: கோரைப் பாதியாக அறுத்து ஒரு பாதியைப் பெட்டியில் வைப்பது வழக்கம், அவர்கள் முழுவதையும் நொறுக்கிவிட்டார்கள், திரும்பச் சோதிக்க ஒன்றும் இல்லை. அதன் பிறகுதான் சுரங்க அறிக்கையை எப்படி எழுத வேண்டும் என்று சொல்கிற 43-101 என்ற விதியைக் கனடா 2001இல் கொண்டுவந்தது. அவுஸ்திரேலியாவில் அதே மாதிரியான ஜோர்க் விதி 1989இலிருந்தே இருக்கிறது. கனடாக் கம்பனியின் முழுத் தொழில்நுட்ப அறிக்கையும் கம்பனிகளின் ஆவணங்களைப் போடுகிற செடார் பிளஸ் (SEDAR+) இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும், விளம்பரத் தாளை வைத்துக்கொண்டு என்னைக் கேட்காமல் அதை இறக்கிப் படியுங்கள்.

அதில் வளத்தை மூன்று தரமாகப் பிரித்திருப்பார்கள்: ஊகித்தது, சுட்டியது, அளந்தது. ஊகித்தது என்பது அகன்ற இடைவெளியில் போட்ட துளைகளை வைத்துச் சொன்னது, அதை வைத்துச் சுரங்கம் கட்ட முடியாது. "வரலாற்று மதிப்பீடு" என்று இருந்தால் பழைய ஆட்கள் பழைய முறையில் போட்ட கணக்கு, இப்போதைய கம்பனி அதற்குப் பொறுப்பெடுக்கவில்லை என்று அர்த்தம், அந்த எச்சரிக்கையை விதிப்படி பக்கத்திலேயே எழுதியும் இருப்பார்கள்.

கம்பனிக்கு மின்னஞ்சல் போடுகிறவர்கள் ஒன்றை மட்டும் கேளுங்கள்: நாளத்தின் குறுக்குவெட்டுப் படம், எல்லாத் துளைகளும் போட்டது, ஒன்றும் வராத துளைகளும் சேர்த்து. நல்ல துளை இரண்டை மட்டும் காட்டுகிற படத்தை யாரும் வரையலாம். வெறும் துளைகளையும் காட்டினால்தான் தங்கத் தூண் எந்தப் பக்கம் சாய்கிறது, எங்கே முடிகிறது என்று தெரியும். தராவிட்டால் காசைப் பையிலேயே வைத்திருங்கள்.

இலங்கையிலேயே தேடிப் பார்க்கிறோம் என்று கிளம்புகிற தம்பிமாருக்கு: 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டத்தின்படி, புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் தேடவோ தோண்டவோ முடியாது, காணி உங்களுடையதாக இருந்தாலும்தான்.